மைக்கறை அட்டைகள்

இலுப்பூர் வீட்டின் நடுவறையில், கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்கும் பகல் வெளிச்சம் பாயில் பரப்பிய அட்டைகளின்மேல் விழுகிறது. சென்னையில் மனோதத்துவம் எம்.ஏ. படிக்கும் ஞானமணி, பரீட்சைக்குப் பழகிக்கொள்ள அண்ணன் தேவசகாயத்தை எதிரே உட்காரவைத்திருக்கிறாள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு மைக்கறை; அதில் என்ன தெரிகிறது என்று கேட்டு மனதைக் கணிக்கும் சோதனை. பார்ப்பவர்கள் வௌவால் என்பார்கள், பூ என்பார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான அண்ணனோ ஓர் அட்டையைச் சட்டென்று கவிழ்த்து அழுத்துகிறான். நகங்கள் வெளுத்துப்போகின்றன. "இவங்கதான், மணி. கிளாஸ் செவுத்துக்கு அங்கிட்டு நின்னு எம் பேரச் சொல்றவங்க." இல்லாத குரல்கள் கேட்கும் மனநோயைப் பற்றிப் பாடத்தில் படித்த ஒரு பக்கம் அவளுக்குள் வரி மாறாமல் ஓடுகிறது. அடுக்களையிலிருந்து தாளிக்கும் வாசனையோடு ஆத்தாவின் குரல் வருகிறது: "என்னடி, ஒங்கண்ணன் பாஸா?" ஞானமணி அண்ணனையே பார்க்கிறாள். அப்பாவோடு மல்லுக்கட்டி அவளைப் படிக்க அனுப்பியவன் இந்த அண்ணன்தான். அவன் அவள் பக்கம் குனிகிறான். "ஒனக்கும் கேக்குதுல்ல?" யாராவது ஒருவர் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்ற ஏக்கம் அந்த முகத்தில் தெரிகிறது. அவள் அவன் கையைப் பற்றிக்கொள்கிறாள். "எனக்குக் கேக்கலண்ணே." அவன் கையை மெல்ல உருவிக்கொண்டு, பாயின் ஓரத்துக்கு நகர்கிறான். அவளை இதற்கு முன் பார்த்திராதவன்போல் பார்க்கிறான்.

"அப்ப நீயும் அவங்க ஆளா?"