பெட்டியில் இடமில்லாத கடிதங்கள்

அறை நடுவே பயணப் பெட்டி, ஊரையே விழுங்கிய முதலை மாதிரி வாய் பிளந்து கிடக்கிறது. நாளைக்கு அண்ணன் கடல் தாண்டி மாதா திருத்தலத்துக்குத் திருயாத்திரை போகிறார். காலையில்தான் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் முடித்து, முகத்தில் புனிதர் களை சொட்டச் சொட்ட வந்திருக்கிறார். தராசு ஒரு கிலோ கூடுதல் காட்டுகிறது. உள்ளே நான்கு ஜோடி செருப்பு, ஒரு பட்டாளமே குளிக்கும் அளவுக்கு வாசனைத் தைலம். அவர் கை அவற்றையெல்லாம் செல்லமாகத் தடவிவிட்டு, மாதா காலடியில் வைக்கச் சொல்லிப் பங்குக் கோயில் மக்கள் கொடுத்த மன்றாட்டுக் கடிதக் கட்டைத் தூக்கித் தரையில் போடுகிறது. மேலே இருப்பது, பக்கத்தில் நிற்கும் தங்கை எழுதியது, பார்வை மங்கிவரும் தன் மகளுக்காக.

"என்னண்ணே இது?"

"மாதாவுக்குத் தெரியாததா? இங்கேருந்து கேட்டா கேக்காதாம்மா?"

"அப்ப நீங்க எதுக்கு அவ்வளவு தூரம் போறீங்க?"

அண்ணன் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, ஜிப்பை இழுத்துக்கொண்டே ஜெபமாலையைத் தொடங்குகிறார். இந்த வீட்டில் ஒவ்வொரு மந்திரத்திலும் முதல் பாதியை அவர் சொல்வார், மறுபாதியைத் தங்கை சொல்வாள். தன் பாதியை உருக்கமாக முடித்துவிட்டுக் கண்மூடிக் காத்திருக்கிறார். பெட்டி ஓரத்தில் ஒரு செருப்பு வார் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. மறுபாதி வரவில்லை.