கிறுக்கலின் மேல் ஒரு முகம்

குடியிருப்பின் பக்கவாட்டுச் சுவர் ஐந்து மாடி உயரம். அதில் ஒரு முகம் வரைய வந்திருந்தாள் நிலோஃபர். ஒரு காலத்தில் ஊர்ச் சுவர்களில் கிறுக்கிப் போலீசில் மாட்டியவள். இப்போது அவள் ஓவியங்கள் வெளிநாட்டுக் கலைக்கூடங்களில் தொங்குகின்றன. முதல் நாள், குடியிருப்பவர்கள் எல்லோரையும், கீழே நின்றும் சாரத்தில் ஏறியும், மனதில் தோன்றியதைச் சுவரில் கிறுக்கச் சொன்னாள். இவ்வளவு பெரிய சுவரில் கண் எங்கே, மூக்கு எங்கே என்பதற்கு அந்தக் கிறுக்கல்கள்தான் அவளுக்கு அடையாளமாம்.

"செவுத்துல கிறுக்குனா நம்மள உதைப்பாங்க. இந்தம்மாவுக்கு அவார்டு குடுக்குறாங்க" என்றார் அங்கே குடியிருந்த டொமினிக். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளின் பெயரை அவர் உச்சரித்து இரண்டு வருடமாகிறது. ஆனால் அன்று மத்தியானம், யாருமில்லாத நேரத்தில், அவர் சாக்பீஸால் ஏதோ எழுதுவதை மனைவி ரெஜினா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். பிறகு இறங்கிப் போய்ப் படித்தாள். 'ஜெசிந்தா.'

ஒன்பதாம் நாள் சாரத்தைப் பிரித்தார்கள். கிறுக்கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஐந்து மாடிக்கும் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலிருந்த தண்ணீர்த் தொட்டி அவளுக்குக் கொண்டையாகியிருந்தது. நடுத்தெருவில் ஓர் ஆட்டோ அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த யாரும் ஹார்ன் அடிக்கவில்லை.

டொமினிக் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. சுவரை ஒட்டிப் போய், அந்தப் பெண்ணின் முகவாயோரம் ஓரிடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"ரெஜினா, அந்தப் புள்ளைய வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு."

ரெஜினா போனைக் கையில் எடுத்துவிட்டாள். "எதங்க பாக்கணும்?"

"செவுத்தத்தான்" என்றார் அவர், கையை எடுக்காமல்.