லெஃப்ட்

அவள் கைப்பேசியை மருந்துக்கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

மஸ்கட் கம்பெனியிலிருந்து ஒரே வரி. ஆங்கிலம்.

'யுவர் ஹஸ்பண்ட் ஹாஸ் லெஃப்ட் அஸ்.'

மூன்று வாரமாகக் கணவன் ரெக்சனின் போன் சுவிட்ச் ஆஃப். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்கே செய்தி அனுப்பிக் கேட்டிருந்தாள். அதற்கு வந்த பதில் இதுதான்.

லெஃப்ட் என்றால் இடது. அது தெரியும். வாட்ஸ்அப் குழுவை விட்டு யாராவது விலகினால் அப்படிக் காட்டும். அதுவும் தெரியும்.

கடையில் வேலை பார்க்கும் லீமா இரண்டு தடவை படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"சொல்லுங்கக்கா."

"வேலைய விட்டுட்டுப் போனாலும் இப்படித்தான் எழுதுவாவ."

"வேற?"

"கூட இருக்கவங்கள விட்டுட்டுப் போனாலும்."

"வேற?"

லீமா கைப்பேசியை எடுத்தாள். இருமல் மருந்து கேட்டு வந்தவரைச் சற்று நிற்கச் சொல்லிவிட்டு, செய்தி வந்த எண்ணை அழைத்தாள்.

கொஞ்ச நேரம் ஆங்கிலம். பிறகு யாரோ தமிழ் தெரிந்தவரை அழைத்து வந்தார்கள். லீமா போனை அவளிடம் நீட்டினாள்.

"அவிய உசுரோட இருக்காவளா?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க. ரெக்சன் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு ஊருக்குக் கிளம்பிட்டாரே. திருவனந்தபுரம் பிளைட்டு. நான்தான் ஏர்போர்ட்ல கொண்டு விட்டேன்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "மாதாவே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தாள்.

"என்னைக்குண்ணே?"

"மூணு வாரம் இருக்கும். ஏன், இன்னும் வரலையா?"

திருவனந்தபுரத்திலிருந்து வீட்டுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானும் வருவதாக லீமா சொன்னாள். அவள் தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டினோம் என்பது வீட்டுக்குப் போகும் பாதி வழியில்தான் புரிந்தது.

வாசலில் மாமியார் நின்றிருந்தார்.

"கம்பெனில என்ன சொன்னாவ?"

மூன்று அர்த்தங்களில் ஒன்றையும் அவரிடம் சொல்ல முடியவில்லை. நாலாவதாக ஒன்று வாயில் வந்தது. அதுவும் பொய்யில்லை.

"பொறப்பட்டாச்சாம், மாமி."

மாமியார் முகம் விரிந்தது. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, மகனின் கனத்த போர்வையை வெயிலுக்குத் தூக்கி வந்தார்.

உதற இரண்டு பேர் வேண்டும்.

அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.