கொண்டை ஊசிக் கை

கறிவேப்பிலையை உருவக்கூட இல்லை. கொத்துக் கொத்தாகக் காம்போடு எண்ணெயில் போட்டாள் அந்தோணியம்மாள். இலை முறுகுவதற்குள் சட்டியை இறக்கிவிட்டு மருமகளை ஒரு முறை முறைத்தாள்.

பிலோமி அந்த முறைப்பைத் திருப்பிக் கொடுத்தாள். இன்றைக்கு என்ன பந்தயம் என்று தெரிந்துகொண்டே இப்படிச் செய்தால், அது கொழுப்பு அல்லாமல் வேறென்ன?

சாயர்புரத்தில் அவளுக்குத் தையல் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பள்ளிக்கூட விடுதியிலேயே தங்க வேண்டும், திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் அவள் புருஷன் மனுவேல் ஒரே பேச்சில் மறித்துவிட்டான்.

சோற்றில் ஒரு கறிவேப்பிலை கண்ணில் பட்டாலும் தட்டைச் சுவரில் எறிகிற மகராசன் அவன். தாளிக்காமல் வைத்தால், சீக்காளிச் சோறா என்று அதையும் எறிவான். பக்கத்தில் உட்கார்ந்து இலை பொறுக்கிப் போடப் பெண்டாட்டி வேண்டுமாம்.

அந்த ஆத்திரத்தில்தான் பிலோமி எந்திரம் கட்டினாள். பழைய கிராமபோன் மேல் சாப்பாட்டுத் தட்டு மெதுவாகச் சுற்றும். லாரி வைப்பர் மோட்டாரில் ஓடும் தகரக் கை ஒன்று, வரிசையாகக் கட்டிய கொண்டை ஊசிகளால் சோற்றின் மேலாக வாரி, இலையை வெளியே தள்ளும்.

உருவிய இலைகளைத் தூவித்தான் பழக்கிப் பார்த்தாள். ஒன்றிரண்டு எப்படியும் ஊசி இடுக்கில் நழுவின. மாமியார் அப்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு நின்று பார்ப்பாள், எப்போது கெடும் என்று காத்திருப்பவள் மாதிரி. இப்போது காம்பு வேறு. கை சிக்கி நின்றால் எல்லாம் முடிந்தது.

மனுவேல் வந்து உட்கார்ந்து எந்திரத்தை ஏளனமாகப் பார்த்தான்.

"ஏளா, ஒத்தை இலை என் வாயில தட்டுப்பட்டாலும் இத ஒடைச்சுக் கடல்ல போட்ருவேன். பொறவு வேலைன்னு நீ வாயத் தொறக்கப்படாது."

"தட்டுப்படலன்னா?"

"போய்க்கிட்டே இரு."

அந்தோணியம்மாள் தேங்காய்ச் சோற்றைத் தட்டில் கொட்டித் தாளிப்பை மேலே ஊற்றினாள். டீச்சர் உத்தியோகம் பார்க்கிற மூஞ்சியைப் பாரு என்று மகனுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பிலோமி பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

கை இறங்கியது. ஒரு கொத்து வெளியே வந்து விழுந்தது. தட்டு சுற்றச் சுற்ற அடுத்ததும், அதற்கடுத்ததும் முழுசாக வந்து விழுந்தன.

மனுவேல் ஒவ்வொரு கவளத்தையும் நாக்கால் துழாவித் துழாவித் தின்றான். தட்டு காலியாயிற்று. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், போய்த் தொலை என்று எழுந்து வெளியே போய்விட்டான்.

பிலோமிக்குச் சந்தோஷத்தை விட ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. நேராக அடுப்படிக்குப் போனாள்.

"என்னைக் கவுக்கத்தான மாமி காம்போட போட்டீங்க?"

அந்தோணியம்மாள் சட்டி தேய்ப்பதை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"உருவிப் போட்டா உன் ஊசியில நிக்காதுல்லா."