இதயத்தின் சுவரில் நூறு கதவுகள்

பிறந்து மூன்றே நாளான கன்றுக்குட்டியின் இதயம் மூச்சுமுட்ட உழைத்துக்கொண்டிருந்தது. ரத்தம் வெளியே போகும் குழாய் குறுகலாக இருந்ததால், ஒவ்வொரு துடிப்பிலும் முட்டித் தள்ள வேண்டியிருந்தது.

உடம்பை முடுக்கிவிடும் சுரப்புநீரான அட்ரினலின் ஓடி வந்து, தன் சேதியை உள்ளே சொல்ல இதயச் சுவரில் இருந்த நூறு கதவுகளில் ஒன்றைத் தடதடவென்று தட்டியது. "வேகம் போதாது! இன்னும் வேகமா அடிக்கச் சொல்லு!"

கதவு சேதியைச் சொன்னது. இதயம் பதறி அடித்தது, தடுமாறியது. மறுபடியும் தட்டல், மறுபடியும் பதற்றம். அன்றைக்கே நூறு கதவுகளில் அறுபது, தட்டல் இதயத்துக்கு எட்டாதபடி சுவருக்குள் போய் ஒளிந்துகொண்டன.

"இவ்வளவு திமிரா?" என்று கத்தியது அட்ரினலின்.

"அண்ணே, சும்மா நிக்கிறவனை விரட்டலாம். சுமையோட நிக்கிறவனை எத்தனை தடவை விரட்டுறது?" என்றது மிச்சமிருந்த ஒரு கதவு.

கன்று வளர, குழாயும் அகலமானது. இதயம் நிதானமாகத் துடித்தது.

"கொஞ்ச நாள் யாரும் என்னை அவ்வளவா கூப்பிடலை. அதனாலதான் பிழைச்சேன். ரொம்ப நன்றி," என்று கதவிடம் சொன்னது இதயம். "அண்ணனையும் வரச் சொல்லு. அவரும் என் நல்லதுக்குத்தானே கத்தினாரு."

கதவுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அட்ரினலின் தட்டுவதற்குக் கையை ஓங்கியது. பிறகு தாழ்த்திக்கொண்டு இதயத்திடம் மெதுவாகக் கேட்டது:

"தம்பி, பால் குடிச்சியாப்பா?"