மூன்றாம் தடவை பார்த்த போர்ப்படம்

ஜெர்மனியிலிருந்து கூரியரில் வந்த போர்ப்படத்தை அருள்செல்வன் மூன்றாவது தடவையாகப் போட்டார். பனியிலும் சேற்றிலும் ஜெர்மன் சிப்பாய்கள் ரத்தம் சொட்டத் தவழ்ந்தார்கள்.

"அச்சு அசல் நெசமாட்டவே இருக்குதுங்க," என்று மனைவி ஜெயபாரதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இப்பப் பாரு."

குண்டடிபட்ட சிப்பாயின் கோட்டைக் கழற்றினார்கள். உள்ளே மல்லிகைப்பூவாட்டம் வெள்ளைப் பனியன்! அருள்செல்வன் தலையில் அடித்துக்கொண்டார்.

"நம்ம கம்பெனி பனியன் புள்ள. இந்தப் படத்துக்குன்னே இருநூறு பீஸ் ஓட்டை போட்டு, கறை பூசி அனுப்பச் சொன்ன ஆர்டர். நானே நின்னு பூச வெச்சேன். ஷூட்டிங்ல பெட்டியைப் பிரிச்சா அத்தனையும் புதுசாம்! வேற வழியில்லாம அதையே போட்டு எடுத்தாங்களாம். படமே கெட்டுப்போச்சுன்னு திட்டி எழுதியிருக்கறாங்க. எவன் பார்த்த வேலையோ?"

கம்பெனியில் பனியன்களைச் சரிபார்த்து அனுப்பும் செக்கிங்கைக் கவனிப்பவள் ஜெயபாரதிதான். மெதுவாகச் சொன்னாள்.

"நாந்தானுங்க. இருநூறும் டேமேஜ் பீஸா கெடந்துச்சு. கழிச்சுப்போட்டு நல்லதா மாத்தி வெச்சேன். ஓட்டைப் பனியனை அனுப்பி நம்ம மானத்தைக் கப்பலேத்தச் சொல்றீங்களா?"

அவள் மறுபடியும் டிவி பக்கம் திரும்பினாள்.

"கோவிச்சுக்காம பாருங்க. பீரங்கியே சிதறிப்போச்சு. நம்ம தையல் ஒண்ணு பிரிஞ்சிருக்குதுங்களா?"