சோளமாவுப் பனி

“உன் ஊர்ப் பேச்சு ரேடியோவுக்கு ஆகாதும்மா ஈனிட். வாய மூடிக்கிட்டு நாடகத்துக்குக் கதவுச் சத்தம், காலடிச் சத்தம் மட்டும் குடு, போதும்.” வேலையில் சேர்ந்த அன்று தயாரிப்பாளர் லாரிமர் சிரித்தபடி சொன்னார். “சரிங்க சார்” என்றாள் யார்க்‌ஷயரிலிருந்து வந்த ஈனிட்.

இப்போது லண்டன் வானொலி நிலையத்தின் நாடகக்கூடத்தில் மாலைத் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. சுவரே இல்லாத ஒரு கதவு நடுக்கூடத்தில் தனியாக நிற்கிறது. ஈனிட் அதைத் திறந்து மூடினால், நாடெங்கும் கேட்பவர்களுக்கு யாரோ வீட்டுக்குள் வருகிறார்கள். அவள் துணிப்பையில் சோளமாவைப் பிசைந்தால் கதையில் வருபவர்கள் பனியில் நடக்கிறார்கள். யார்க்‌ஷயர் ரொட்டிக்கடைக்காரியாக இன்றைய நாடகத்தில் நடிக்க வேண்டியவளின் ரயில் மூடுபனியில் எங்கோ நின்றுவிட்டது. நேரலை தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியச் சில நிமிடங்களே இருக்கின்றன. “அந்தப் பொம்பளை வசனத்த யாருய்யா பேசுறது?” என்று லாரிமர் தவிக்கிறார். கதாநாயகன் பெர்சிவல் குரலை மாற்றிப் பேசிக் காட்டுகிறார். “யார்க்‌ஷயர்ல ஆடுதான்யா இப்படிப் பேசும்” என்கிறார் பியானோக்காரர். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஈனிட் சிரிக்கவில்லை. ஒத்திகை நாட்களில் ஓசையின்றி முணுமுணுத்த அந்த வசனம் அவள் உதட்டில் தயாராக நிற்கிறது. மாவுப்பையைக் கீழே வைக்கிறாள். கையைப் பாவாடையில் துடைக்க, நீலத்துணியில் வெள்ளை விரல்கள் பதிகின்றன. யாரும் அழைக்காமலே ஒலிவாங்கியை நோக்கி நடக்கிறாள். லாரிமர் நிமிர்ந்து பார்க்கிறார்.

“சார், அவ வசனத்த நான் பேசுறேன். எங்கூருப் பேச்சுலயே பேச விடுங்க.”